வெட்டாமல் விட்ட நாண்கள்

மைட்ரல் வால்வு மாற்று அறுவையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் புதிதாக வைத்த வால்வைப் பற்றி எழுதுவார்கள், வைத்த கையைப் பற்றி எழுதுவார்கள். வெட்டி எடுத்து கிட்னி ட்ரேயில் போட்ட பழைய வால்வைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் பர்ஃப்யூஷனிஸ்டாக வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை இதய-நுரையீரல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் பாதி அந்த ட்ரேயில்தான் கிடக்கிறது.

நான் வேலை பழகிய காலத்தில் முறை இப்படி இருந்தது. இதயத்தை நிறுத்தி, இடது மேலறையைத் திறந்து, அதற்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் கெட்டுப்போன மைட்ரல் வால்வைக் கொக்கியால் மேலே இழுப்பார்கள். இரண்டு இதழ்களையும் சுற்றிவர வெட்டுவார்கள். இதழ்களைக் கீழே பிடித்திருக்கும் நாண்களையும், அவை முளைக்கும் பாப்பிலரி தசையின் நுனியோடு சேர்த்துக் கத்தரிப்பார்கள். உள்ளே எதுவும் தொங்கக் கூடாது, எதுவும் தடுக்கக் கூடாது. சுத்தமாக எடுத்தவரே நல்ல சர்ஜன் என்று பெயர். பிறகு புது வால்வைத் தைத்து, கிளாம்ப்பை எடுத்து, இதயம் சூடேறி அடிக்கத் தொடங்கியதும் என் வேலையின் கடினமான பகுதி வரும்: பம்ப்பிலிருந்து நோயாளியை இறக்குவது. ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, உடலின் பாரத்தை இதயத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வால்வு சுருங்கிப்போய் வந்தவர்கள் பெரும்பாலும் இறங்கிவிடுவார்கள். வால்வு மூடாமல் வருடக்கணக்காக ரத்தம் பின்னோக்கிக் கசிந்து, இடது கீழறை பெருத்துப்போய் வந்தவர்களிடம்தான் சிக்கல். ஓட்டத்தைப் பாதியாக்குவேன், அழுத்தம் நிற்கும். கால்வாசியாக்கினால் திரையில் கோடு சரியும், இதயம் பலூன் மாதிரி உப்பும். “ஏத்துப்பா, ஏத்து” என்பார் சர்ஜன். மறுபடி முழு ஓட்டம். டோபமைன், அட்ரினலின், அரைமணி நேரம் ஓய்வு, மறுபடி முயற்சி. சிலர் அப்படியும் இறங்காமலே போனார்கள். வெளியே நின்ற குடும்பத்தாரிடம் சொல்லப்பட்ட காரணம் எப்போதும் ஒன்றுதான்: வால்வு நன்றாக வேலை செய்கிறது, இதயத் தசைதான் ஏற்கெனவே பலவீனம்.

அந்தக் காரணத்தை உலகமே நம்பியது. அதற்கொரு உடலியல் விளக்கமும் இருந்தது. கசியும் வால்வு இருக்கும்வரை கீழறைக்கு ஒரு சுலபமான வழி உண்டு. ரத்தத்தின் ஒரு பங்கை அழுத்தம் குறைந்த மேலறைக்குத் தள்ளிவிடலாம். புது வால்வு அந்த வழியை அடைத்துவிடுகிறது. முழு ரத்தத்தையும் மகாதமனியின் அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள வேண்டியிருப்பதால் களைத்த தசை தோற்றுவிடுகிறது என்றார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால், அப்படித் தோற்காமல் தடுக்க முடியும் என்று அமெரிக்காவில் ஒரு சர்ஜன் 1964-லேயே எண்களோடு காட்டியிருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கட்டுரை நூலக அலமாரியில் பதினைந்து வருடங்களுக்கு மேலாக இருந்தது.

முதலில் அந்த நாண்கள் என்ன செய்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். மைட்ரல் வால்வுக்கு முன், பின் என்று இரண்டு இதழ்கள். அவற்றின் விளிம்பிலிருந்தும் அடிப்பக்கத்திலிருந்தும் சராசரியாக இருபத்தைந்து வெள்ளை நாண்கள் கீழிறங்கி, கீழறைச் சுவரிலிருந்து எழும் இரண்டு பாப்பிலரி தசைகளில் சேர்கின்றன. கீழறை சுருங்கும்போது இதழ்கள் மேலறைக்குள் புரண்டுவிடாமல் இழுத்துப் பிடிப்பது இவற்றின் வேலை என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்தோம். இது பாதி உண்மை. கல்யாணப் பந்தலில் முளையடித்து இழுத்துக் கட்டிய கயிறு துணியை மட்டுமா பிடிக்கிறது? கால்களையும் சேர்த்துத்தான் நிறுத்துகிறது. அறுத்துவிட்டால் பந்தலே சாயும். நாண்களும் அப்படித்தான். வால்வின் வளையத்தையும் கீழறையின் சுவரையும் ஒன்றாகக் கட்டி, ஒவ்வொரு துடிப்பிலும் அறையை நீளவாக்கில் குறுக்கி, அதன் வடிவத்தைக் காக்கின்றன. 1922-இலேயே கிளீவ்லாந்தில் விக்கர்ஸும் காட்ஸும் இந்தத் திசையில் யோசித்தார்கள். ஐம்பதுகளில் சியாட்டிலைச் சேர்ந்த ராபர்ட் ரஷ்மர், துடிப்பின் தொடக்கத்திலேயே பாப்பிலரி தசைகள் வளையத்தைக் கீழே இழுத்து அறையைக் குறுக்குவதை நாய்களில் காட்டினார்.

சர்ஜன்கள் கைக்கு இந்த அறிவு போய்ச் சேர்வதற்குள் வால்வு வந்துவிட்டது. 1960 மார்ச்சில் பெதஸ்டாவில் உள்ள அமெரிக்க தேசிய இதய நிறுவனத்தில் நீனா பிரான்வால்ட் தானே வடிவமைத்த மைட்ரல் வால்வை மனித இதயத்தில் வைத்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. வளைந்து கொடுக்கும் பாலியூரித்தேன் இதழ்கள், அவற்றிலிருந்து இறங்கும் டெஃப்லான் நாண்கள். இயற்கை கட்டியதை அப்படியே திரும்பக் கட்டப் பார்த்தார். அவருடைய நோயாளி ஒருவர் சில மாதங்கள் உயிர் வாழ்ந்தார். அந்த வால்வு நிலைக்கவில்லை.

நிலைத்தது அதே ஆண்டு செப்டம்பரில் ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லாந்தில் ஆல்பர்ட் ஸ்டார் வைத்த வால்வு. விமான எஞ்சின்களுக்கு எரிபொருள் பம்ப் அமைத்துப் பெயர் வாங்கிய பொறியாளர் லோவெல் எட்வர்ட்ஸ், ஓய்வுக் காலத்தில் ஸ்டாரிடம் வந்து செயற்கை இதயம் செய்யலாம் என்றாராம். முதலில் ஒரு வால்வு செய்வோம் என்றார் ஸ்டார். எட்வர்ட்ஸுக்கே இளமையில் ருமாட்டிக் காய்ச்சல் வந்திருந்தது. இயற்கை வால்வைப் போலச் செய்யும் முயற்சியை இருவரும் கைவிட்டார்கள். ஒரு உலோகக் கூண்டு, அதற்குள் ஏறி இறங்கும் ஒரு சிலிக்கோன் பந்து, அவ்வளவுதான். ஆகஸ்டில் முதல் நோயாளி அன்றே இறந்தார். செப்டம்பரில் இரண்டாவது நோயாளி, 52 வயதுக்காரர், பிழைத்து வீடு திரும்பிப் பத்தாண்டு வாழ்ந்து, கடைசியில் ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். பந்து வால்வு உலகம் முழுவதும் பரவியது. கோடிக்கணக்கான துடிப்புகளுக்குத் தாங்கியது. பந்துக்கு நாண் தேவையில்லை. கூண்டுக்கு இடம் தேவை. ஆகவே நாண்கள் ட்ரேக்குப் போயின. ஸ்டாரின் சாதனையைக் குறைத்துச் சொல்லவில்லை. சாவின் விளிம்பில் இருந்தவர்களை நடக்க வைத்தவர் அவர். ஆனால் வால்வு என்பது தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு பொருள் என்ற எண்ணம் அந்தக் கூண்டோடு சேர்ந்தே வந்தது.

அதை முதலில் மறுத்தவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் வால்டன் லில்லிஹை. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அவர் பெயர் வீட்டுப் பெரியவர் பெயர் மாதிரி. 1954-இல், இயந்திரம் கைக்கு வராத நேரத்தில், அப்பாவின் உடலையோ அம்மாவின் உடலையோ குழந்தையோடு குழாயால் இணைத்து, பெரியவரின் இதயமும் நுரையீரலும் இருவருக்கும் உழைக்க, குழந்தையின் இதயத்தைத் திறந்தவர். அடுத்த ஆண்டு அவருடைய கூடத்தில் ரிச்சர்ட் டீவால் உருவாக்கிய பபிள் ஆக்ஸிஜனேட்டரின் வழிவந்ததுதான் நான் முதன்முதலில் ஓட்டிய கருவியும்.

லில்லிஹை கவனித்தது இதைத்தான்: மைட்ரல் வால்வு மாற்றியபின் இறந்தவர்களில் பலரின் வால்வில் கோளாறு எதுவும் இல்லை. இதயம் போதுமான ரத்தத்தைத் தள்ளாமல் அவர்கள் இறந்தார்கள். நாண்களையும் பாப்பிலரி தசைகளையும் விட்டுவைத்து அவற்றின் மேலேயே பந்து வால்வைத் தைக்கத் தொடங்கினார். 1964-இல் லெவி, போனபோ ஆகியோருடன் சேர்ந்து முடிவுகளை வெளியிட்டார். அறுவையில் இறப்பவர்களின் விகிதம் 37 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக இறங்கியிருந்தது. தற்செயலாக ஒதுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல அது. முன்னே செய்தவர்களையும் பின்னே செய்தவர்களையும் ஒப்பிட்டது, அனுபவம் கூடியதும் பலனில் கலந்திருக்கும். அதையெல்லாம் கழித்த பிறகும் ஒரு தொழிலை நின்று யோசிக்க வைத்திருக்க வேண்டிய எண் அது.

யோசிக்கவில்லை. எனக்குப் புரிந்தவரை மூன்று காரணங்கள் சேர்ந்து அதைப் புதைத்தன. ஒன்று, மறுப்பு நல்ல இடத்திலிருந்து வந்தது. 1967-இல் மேயோ கிளினிக்கில் ஜான்கார்லோ ராஸ்டெல்லியும் சகாக்களும் நாய்களில் நாண்களோடும் நாண்கள் இல்லாமலும் வால்வு மாற்றி, உடற்பயிற்சியின்போது அளந்து, வேறுபாடு இல்லை என்றார்கள். ராஸ்டெல்லி மிகப் பெரிய திறமைசாலி. பிறவி இதயக் கோளாறுக்கு அவர் வகுத்த அறுவையை இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறோம். 36 வயதில் புற்றுநோயில் போய்விட்டார். அவர் சோதித்த நாய்களின் இதயம் ஆரோக்கியமானது. நாண் அறுந்தால் ஏற்படும் இழப்பை ஆரோக்கியமான கீழறை சமாளித்துக்கொள்ளும். கசிவால் பெருத்து மெலிந்த கீழறையால் முடியாது. எங்கள் டேபிளில் படுத்தவர்களிடம் இருந்தது அதுதான்.

இரண்டு, வால்வுகளின் வடிவம் மாறியது. 1969-இல் பியோர்க்-ஷைலி சாயும் தட்டு வால்வு வந்தது. பந்து கூண்டுக்குள்ளேயே ஆடும். தட்டோ வளையத்துக்கு வெளியே சாய்ந்து திறக்கும். மிச்சம் விட்ட நாண் ஒன்று தட்டின் ஓரத்தில் சிக்கினால் வால்வு அப்படியே நின்றுபோகும். முன் இதழை அப்படியே விட்டால் அது மகாதமனிக்குப் போகும் வழியை மறைக்கவும் கூடும். இரண்டுமே உண்மையான ஆபத்துகள், நோயாளி மேசையிலேயே இறக்கும் வகை. நாண் இல்லாததால் மெல்ல நலியும் இதயத்தை விட இவை சர்ஜனின் கண்ணுக்கு முன்னால் நடப்பவை. மூன்றாவது காரணம், நான் முன்பே சொன்ன அந்தச் சமாதானம். தோற்றது தசை என்று சொல்லிவிட்டால் கத்தரிக்கோலைப் பற்றிக் கேள்வி வராது.

இதற்கிடையே வேறொரு சாவும் இருந்தது. அபூர்வம், ஆனால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நோயாளி பம்ப்பிலிருந்து நல்லபடியாக இறங்கியிருப்பார். மார்பெலும்பை மூடக் கம்பி கேட்டிருப்பார்கள். திடீரென்று இதயத்தின் பின்பக்கத்திலிருந்து பளீர்ச் சிவப்பாக ரத்தம் பொங்கி வரும். கீழறையின் பின்சுவர் கிழிந்திருக்கும். வால்வைச் சுத்தமாக எடுத்த சின்னக் கீழறைகளில், குறிப்பாக வயதான பெண்களிடம், இது அதிகம் நடந்தது. 1980-இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காப்ஸும் சகாக்களும் இதற்கொரு விளக்கம் சொன்னார்கள்: உள்ளே இழுத்துப் பிடித்திருந்த நாண்கள் போனபின் பின்சுவர் ஒவ்வொரு துடிப்பிலும் அளவுக்கு மீறி விரிகிறது, கடைசியில் குறுக்கே பிளக்கிறது. தசை பலவீனம் என்ற சமாதானம் இங்கே எடுபடவில்லை. நன்றாக அடிக்கிற இதயம்தான் கிழிந்தது.

மீட்பு எண்பதுகளில் வந்தது, ஒரே நேரத்தில் பல ஊர்களிலிருந்து. பிரேசிலில் பிறந்து டொரண்டோவில் பணியாற்றிய டிரோன் டேவிட் 1981-இல் நாய்களிலும், 1983-இல் மனிதர்களிடமும் நாண் காத்தால் கீழறையின் வேலை காக்கப்படுவதைக் காட்டினார். அதே 1983-இல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து ரோலண்ட் ஹெட்சரும் சகாக்களும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, மறந்துபோனதாகத் தோன்றும் ஒரு கருத்தின் மறுபிறப்பு என்று இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் கிரெய்க் மில்லரின் குழு இன்னும் நேராகப் போனது. துடித்துக்கொண்டிருக்கும் நாய் இதயத்தில் நாண்களைச் சுற்றிக் கம்பி வளையம் போட்டு, வெளியிலிருந்து ஒவ்வொரு பகுதியாக அறுத்து, அறுக்கும் முன்னும் பின்னும் கீழறையின் திறனை அளந்தார்கள். வேறெதையும் மாற்றாமல் நாணை மட்டும் அறுத்தபோதே திறன் இறங்கியது.

எனக்கு மிகப் பிடித்தது 1992-இல் ரோசிச், கேரபெல்லோ குழு அமெரிக்காவின் சார்ல்ஸ்டனிலிருந்து வெளியிட்ட ஆய்வு. நோயாளிகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கசியும் வால்வை மாற்றிக்கொண்டவர்களை இரண்டு பிரிவாகப் பார்த்தார்கள். நாண்களை வெட்டிய பிரிவில் இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு, நாம் ஈ.எஃப். என்று சொல்வது, 60 சதவீதத்திலிருந்து 36-க்கு விழுந்தது. நாண் காத்த பிரிவில் 63 இருந்தது 61 ஆனது, அவ்வளவுதான். கசிவு அடைபட்டது இரு பிரிவிலும்தான். பழைய விளக்கம் சரியென்றால் இரண்டு பிரிவும் விழுந்திருக்க வேண்டும். நாண் காத்தவர்களின் கீழறை சிறுத்து, அதன் சுவர் சுமக்கும் இழுவிசை குறைந்தே போனது. வெட்டியவர்களிடம் அந்த இழுவிசை ஏறியது. இத்தனை வருடம் நோயாளியின் தசைமேல் போட்ட பழி அந்த நான்கு எண்களில் விலகியது. அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் பிரதி ரொம்ப நாள் என் லாக்கரில் இருந்தது. ‘தசை ஏற்கெனவே பலவீனம்’ என்று கேட்டுத் திரும்பிப் போன குடும்பங்களின் முகங்கள் அதைப் படிக்கும்போது வந்து நின்றன. கோபமும் வந்தது, இன்றும் வருகிறது. யார் மேல் என்று சொல்லத் தெரியாத கோபம்.

எங்கள் தியேட்டரில் மாற்றம் சத்தமில்லாமல் வந்தது. ஒருநாள் சர்ஜன் முன் இதழை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தையல் கேட்டார். ஸ்க்ரப் நர்ஸ் ட்ரேயை நீட்டியபடியே நின்றார். “சார், பின் இதழ்?” “அது இருக்கட்டும்மா. இனிமே அதை எடுக்கிறதில்லை.” பின் இதழின் விளிம்பையும் வளையத்தையும் சேர்த்து மடித்து, அதன் வழியாகவே தையல் போட்டார். பின் இதழ் மகாதமனிக்குப் போகும் வழியில் இல்லாததால் அதைக் காப்பது எளிது. பின்சுவர் கிழிவதையும் அது பெருமளவு தடுத்தது. அதன்பின் பெருத்த இதயங்களைப் பம்ப்பிலிருந்து இறக்கும்போது எனக்குத் தெரிந்த வேறுபாட்டை ஆய்வாக யாரும் அளக்கவில்லை. ஆனால் அட்ரினலின் சிரிஞ்ச் தொடப்படாமலே இருந்த நாட்கள் கூடின.

முன் இதழுக்குக் கொஞ்சம் தச்சு வேலை தேவைப்பட்டது. ஜப்பானின் தென்ரி மருத்துவமனையில் மிகியும் சகாக்களும் 1988-இல் வெளியிட்ட முறையில், முன் இதழை நடுவில் பிளந்து இரண்டு பாதியாக்கி, நாண்களோடு அவற்றை இரு பக்கமும் ஒதுக்கி வளையத்தில் தைத்துவிடுவார்கள். வழியும் மறையாது, நாணும் போகாது. டேவிட் இதழின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு ஓரத்தை நாண்களோடு வளையத்தில் சேர்த்தார். மினியாபொலிஸில் 1977-இல் முதன்முதலாக வைக்கப்பட்ட செயிண்ட் ஜூட் இரட்டைத் தட்டு வால்வு பரவியதும் உதவியது. அதன் தட்டுகள் வளையத்துக்கு வெளியே அதிகம் நீளாமல் திறப்பதால் நாணில் சிக்கும் பயம் குறைந்தது.

இந்தியாவின் கதையில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. மேல்நாட்டு ஆய்வுகளில் வந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், நாண் மெலிந்து நீண்டோ அறுந்தோ கசிந்த வால்வுகள். நம்மிடம் வந்தவர்கள் ருமாட்டிக் காய்ச்சலின் பிள்ளைகள். தொண்டைப் புண்ணில் தொடங்கி மூட்டு வீங்கி, இருபத்தோரு நாளைக்கு ஒருமுறை போட வேண்டிய பென்சிலின் ஊசி நடுவில் நின்றுபோய், இருபது வயதுக்குள் வால்வு சுருங்கியவர்கள். டெல்லியில் சுஜாய் ராயும் சகாக்களும் இதை 1963-இல் லான்செட்டில் எழுதினார்கள். வேலூர் சி.எம்.சி.யில் ஸ்டான்லி ஜானும் சகாக்களும் இதயத்தைத் திறக்காமலே வால்வை விரிக்கும் அறுவையை 3,724 பேருக்குச் செய்து 1983-இல் விவரம் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்த தொகுப்பு அது. வால்வை விரிப்பதோடு போதும் என்றால் நாண்கள் தப்பித்தன. விரித்தும் தீராமல் வால்வு மாற்ற வந்தவர்களிடம் நாண்களே நோயின் இருப்பிடம். தடித்து, குட்டையாகி, ஒன்றோடொன்று ஒட்டி, சில சமயம் இதழ் நேராகப் பாப்பிலரி தசையில் ஒட்டிக்கிடக்கும். சுண்ணாம்பு படிந்திருக்கும். இதில் எதைக் காப்பது?

எண்பதுகள், தொண்ணூறுகளில் இங்கே பலர் முழுதாக வெட்டியதற்கு இது நேர்மையான காரணம். இன்னொன்று வால்வு. ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் சர்ஜன் வலியத்தான் தலைமையில் மூன்று மாதிரிகள் தோற்று நான்காவதாக வெற்றி பெற்ற சித்ரா வால்வு, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முறையாக மனித இதயத்தில் வைக்கப்பட்டது. இறக்குமதி வால்வுக்குக் காசில்லாத ஆயிரக்கணக்கானோருக்கு உயிர் கொடுத்தது. அதுவும் சாயும் தட்டு வகைதான். தட்டு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்துத் திருப்பி வைத்து, நாணை அதன் வழியிலிருந்து விலக்கித் தைக்க நிதானம் வேண்டும். ஒரு நாளில் மூன்று கேஸ் வரிசையில் இருக்கும் தியேட்டரில் நிதானம் விலை உயர்ந்த பொருள். அப்படியும் நம் சர்ஜன்கள் வழி கண்டார்கள். ஒட்டிய நாண்களைக் கத்தியால் நெடுக்காகப் பிரித்தார்கள், பாப்பிலரி தசையையே நுனியிலிருந்து பிளந்து நீளம் கொடுத்தார்கள், சுண்ணாம்பைச் சுரண்டினார்கள், எதுவும் தேறாத இடத்தில் கோர்-டெக்ஸ் என்ற செயற்கை நூலால் பாப்பிலரி தசையை வளையத்தோடு கட்டினார்கள். டெல்லி எய்ம்ஸைச் சேர்ந்த சௌத்ரியும் சகாக்களும் 2005-இல் ருமாட்டிக் நோயாளிகளைத் தொடர்ந்து எக்கோ எடுத்துப் பார்த்து, இவர்களிடமும் நாண் காத்தால் கீழறை சிறுத்து நன்றாக வேலை செய்வதை எழுதினார்கள். அந்தக் கட்டுரை எனக்கு 1992 ஆய்வை விடப் பெரியது. நம் டேபிளில் படுத்த உடல்களைப் பற்றியது.

இன்று வழிகாட்டு நெறிகள் நாண் காக்கச் சொல்கின்றன. வால்வை மாற்றாமல் சரிசெய்ய முடிந்தால் அதுவே முதல் வழி என்றும் சொல்கின்றன. சர்ஜன் கார்ப்பென்டியர் பாரிஸிலிருந்து கற்றுக்கொடுத்த அந்த வழி தனிக் கட்டுரைக்கு உரியது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பின் இதழோடு நிறுத்துவதா, இரண்டையும் காப்பதா என்பதில் சர்ஜனுக்கு சர்ஜன் பழக்கம் வேறுபடுகிறது. இரண்டையும் காத்தால் கீழறை இன்னும் நன்றாகச் சிறுக்கிறது என்பது லாஸ் ஏஞ்சலிஸில் யுன் குழு 2002-இல் நோயாளிகளைத் தற்செயலாகப் பிரித்து ஒதுக்கிச் செய்த ஆய்வின் முடிவு. எக்கோ அறிக்கையில் வால்வின் அளவும் கம்பெனிப் பெயரும் தவறாமல் இருக்கின்றன. நாண் காக்கப்பட்டதா என்ற விவரம் ஆபரேஷன் நோட்டில் மட்டும் இருக்கும், நோயாளி கையில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் பல சமயம் இருப்பதில்லை. பத்து வருடம் கழித்து அந்த இதயத்தை எக்கோவில் பார்க்கப்போகும் டாக்டருக்கு அந்த ஒரு வரி தேவைப்படும். வால்வு மாற்றிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், சம்மரியில் அந்த வரியை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.